மலையில ரோடு அடைஞ்சா மூணு நாளைக்கு நாம தனித்தீவு: வீட்டை எப்படி தயாரா வெச்சுக்கறது

2024 டிசம்பர் மாசத்தை ஏற்காட்டுல யாரும் மறந்திருக்க மாட்டாங்க. ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்துச்சு, நாங்க டிவியில பாத்துட்டு அது கடலோரத்துக்காரங்க பாடு நமக்கென்னன்னு போர்வையை இழுத்துப் போத்திக்கிட்டோம். அது என்னடான்னா கரையேறி வலு குறைஞ்சு அப்படியே மெதுவா நகந்து நம்ம தலைக்கு மேல வந்து கொட்டித் தீத்துருச்சு. ஏற்காட்டுல ஒரே நாள்ல 238 மில்லிமீட்டர், அந்தப் பக்கம் ஊத்தங்கரையில 50 சென்டிமீட்டருக்கு மேல. மலைப்பாதையில மண்ணு சரிஞ்சு பாறை உருண்டு வண்டியெல்லாம் நிறுத்திட்டாங்க, குப்பனூர் ரோடும் அடி வாங்கிருச்சு. இருக்கறதே ரெண்டு ரோடு, அப்புறம் எங்க போறது.

எங்க வீட்டுல அப்ப அரிசி மூட்டை மூட்டையா இருந்துச்சுங்க. ஆனா கேஸ் ரெண்டாவது நாள் தீந்துருச்சு, விறகு எல்லாம் தாழ்வாரத்துல நனைஞ்சு ஊறிக் கெடந்துச்சு, டார்ச் லைட்டுக்குள்ள பேட்டரி உப்புப் பூத்து நின்னுச்சு. அரிசியைப் பாத்துக்கிட்டே அவலைத் தின்னுட்டு உக்காந்திருந்தோம். அம்மாவுக்கு இன்சுலின் வேற, ஃப்ரிட்ஜ் ஓடல. அப்பத்தான் ஒரு நோட்டை எடுத்து எழுத ஆரம்பிச்சேன், அதைத்தான் இப்ப இங்க கொட்டுறேன்.

மொதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கங்க. மலையில வெள்ளம் வந்து வீடு முழுகாது. ரோடு போகும், கரண்ட் போகும், டவர் போகும், சில எடத்துல மண்ணு நகரும். முன்னாடி சொன்ன மூணுக்கும் நாம வீட்டுலயே இருக்கணும், சும்மா வண்டிய எடுத்துக்கிட்டு கீழ எறங்கப் பாக்கறதுதான் ஆபத்து. மண்ணு நகர்றதுக்கு மட்டும் யோசிக்காம கிளம்பணும். இருக்கறதுக்கும் தயாரா இருக்கணும் கிளம்பறதுக்கும் தயாரா இருக்கணும், எப்ப எதுன்னு பகல்லயே முடிவு பண்ணிரணும், ராத்திரி பதினொரு மணிக்கு மழைக்குள்ள நின்னுக்கிட்டு முடிவு பண்ண முடியாது.

முடிவு பண்றதுக்கு கையில ஒரு கணக்கு வேணும். அதுக்கு மழைமானி எல்லாம் வாங்க வேண்டாம். அடியிலேர்ந்து வாய் வரைக்கும் ஒரே அகலமா இருக்கற ஒரு தகர டப்பா எடுங்க, மரத்தடியும் கூரைத் தண்ணியும் படாத வெட்டவெளியில ஒரு கல்லு மேல ஆடாம வைங்க, தினம் காலையில எட்டரை மணிக்கு புள்ளைங்க ஸ்கேலை உள்ள விட்டு எத்தனை சென்டிமீட்டர்னு பாத்து காலண்டர்லயே எழுதிட்டு தண்ணிய ஊத்திருங்க. ஸ்கேல் ஆரம்பத்துல கோடு இல்லாம கொஞ்சம் விட்டிருப்பான், அதையும் சேத்துக்கங்க. 1 சென்டிமீட்டர்னா 10 மில்லிமீட்டர். வானிலைக்காரங்க கணக்குல ஒரு நாளைக்கு ஆறரை சென்டிமீட்டர் தொட்டா கனமழை, பதினொண்ணரையைத் தாண்டுனா மிக கனமழை, கிட்டத்தட்ட இருபதரையைத் தாண்டுனா அதி கனமழை, மஞ்சள் ஆரஞ்சு சிவப்புன்னு சொல்றது ஏறக்குறைய இந்தப் படிதான். ஆனா அந்த கலர் மாவட்டம் முழுசுக்கும் சேத்து சொல்றது, கீழ சேலம் பஸ் ஸ்டாண்டுல தூறல் போட்டுக்கிட்டிருக்கும், மலை மேல நாகலூர்ல குடம் குடமா ஊத்தும். அதனாலதான் சொந்த டப்பா.

நான் வெச்சிருக்கற கணக்கு இது, உங்க எடத்துக்குத் தக்கன மாத்திக்கங்க: ஒரே நாள்ல 10, இல்ல ரெண்டு நாள் சேந்து 15 சென்டிமீட்டர் வந்துட்டா சாயங்காலம் நாலு மணிக்குள்ள வீட்டுக்குப் பின்னாடி இருக்கற மேட்டை ஒரு ரவுண்டு பாத்துட்டு வந்துருவேன். ஒரு நாள் மழையை மண்ணு குடிச்சுக்கும், ரெண்டு மூணு நாள் விடாம பெஞ்சு ஊறின மண்ணு மேல விழற அடுத்த மழைதான் சரிய வெக்கிது. ஐப்பசி அடை மழை கார்த்திகை கன மழைன்னு சொல்றதுல அந்த வரிசையைக் கவனிச்சீங்களா, அடை மழையில ஊறி கன மழையில சரியும்.

என்ன பாக்கணும்னா, மேட்டுல புதுசா வெடிப்பு விழுந்திருக்கா, அதுவும் பிறை மாதிரி வளைஞ்சு போற வெடிப்பு. நேரா நின்ன சில்வர் ஓக் மரமோ கரண்ட் கம்பமோ சாஞ்சிருக்கா. நேத்து வரைக்கும் இல்லாத எடத்துல ஊத்து கெளம்பி கலங்கலா தண்ணி வருதா. வீட்டுக்குள்ள கதவு திடீர்னு இறுக்கிப் பிடிக்குதா, தரைக்கும் சுவருக்கும் நடுவுல இடைவெளி விழுதா. பழைய வெடிப்பா புதுசான்னு சந்தேகம் வந்தா ரெண்டு பக்கமும் ஒரு முளைக்குச்சி அடிச்சு நடுவுல டேப்பை வெச்சு அளந்து தேதி போட்டு எழுதி வைங்க, அடுத்த தடவை அளக்கும்போது கூடியிருந்தா அது நகருதுன்னு அர்த்தம். இன்னொண்ணு ரொம்ப முக்கியம், மழை கொட்டிக்கிட்டே இருக்கறப்போ பக்கத்து ஓடையில தண்ணி சட்டுன்னு கொறைஞ்சா சந்தோஷப்படாதீங்க. மேல எங்கயோ மரமும் மண்ணும் விழுந்து அடைச்சிருக்கும், அது ஒடைச்சுக்கிட்டு வந்தா கல்லு மண்ணு மரம் எல்லாத்தையும் சேத்து அள்ளிக்கிட்டு வரும்.

இதுல ஒண்ணு தெரிஞ்சாலும் பொட்டியைக் கட்டிக்கிட்டு நிக்காம கிளம்பிருங்க. எங்கன்னு முன்கூட்டியே நடந்து பாத்து வெச்சிருக்கணும். பள்ளத்தைப் பாத்து ஓடையோரமா எறங்கக்கூடாது, சரிவுக்கு குறுக்கால நடந்து மேடா அகலமா இருக்கற எடத்துக்குப் போகணும், ஊர்ல ஸ்கூலோ சமுதாயக் கூடமோ அப்படி எடத்துல இருந்தா ரொம்ப நல்லது, ஆனா அதுவே மேட்டை வெட்டிக் கட்டுன கட்டடமா இருந்தா அங்க போயி என்ன பண்றது, அதையும் பாத்துக்கங்க. இருட்டிருச்சு கிளம்பவே முடியாதுன்னா மேட்டுப் பக்கச் சுவரை ஒட்டி இருக்கற ரூம்ல யாரும் படுக்காதீங்க, பள்ளத்துப் பக்க ரூம், மாடி இருந்தா மாடி. ஒருத்தர் மாத்தி ஒருத்தர் முழிச்சிருங்க, பெரிய மரம் முறியற மாதிரியோ லாரி வர்ற மாதிரியோ சத்தம் கேட்டா ஒரு நிமிஷமும் யோசிக்கக்கூடாது.

வெயில் காலத்துலயே பண்ண வேண்டியது இருக்கு, அதைத்தான் யாரும் பண்றதில்ல. கார் நிறுத்தணும்னு ஜேசிபி விட்டு மேட்டை செங்குத்தா வெட்டிப்புட்டு அப்படியே விட்டிருப்பாங்க, போற வழியெல்லாம் நான் பாக்கறேன். தடுப்புச் சுவர் கட்டியிருந்தாலும் அதுல தண்ணி வெளிய வர்றதுக்கு விட்ட குழாய் ஓட்டையில குளவி கூடு கட்டி, மண்ணு அடைச்சு, வேரு பாஞ்சு கெடக்கும். சுவரைத் தள்ளுறது வெறும் மண்ணு இல்லைங்க, பின்னாடி தேங்கி நிக்கற தண்ணிதான். புரட்டாசி முடியறதுக்குள்ள ஒரு கம்பியை விட்டு அத்தனை ஓட்டையையும் குத்தி விடுங்க, ஒரு மணி நேர வேலை. வீட்டுக்கு மேல ஒரு வாய்க்கா வெட்டி மழைத்தண்ணிய சுத்திக் கொண்டு போயி கல்லு பாவுன ஓடையில விடுங்க, அடுத்த வீட்டுக்காரன் மேட்டுல விட்டுராதீங்க, அதுல எங்க ஊர்ல ரெண்டு குடும்பம் இன்னைக்கு வரைக்கும் பேசிக்கறதில்ல. கக்கூஸ் குழித் தண்ணியும் சரிவுக்குள்ள எறங்காம பாத்துக்கங்க. வெறும் சரிவா இருந்தா வெட்டிவேர் வைக்கலாம், வேர் நேரா கீழ எறங்கி மண்ணைப் பிடிக்கும்.

தகர ஷீட், சிமெண்ட் ஷீட் வீட்டுக்காரங்க ஷீட்டு மேல கல்லு தூக்கி வெக்கறதை விட்டுருங்க, காத்துல ஷீட்டோட சேந்து கல்லும் பறக்கும். ஷீட்டைப் பிடிச்சு நிறுத்தற வளைஞ்ச ஜே போல்ட்டை இறுக்குங்க, துருப்பிடிச்சதை மாத்துங்க, அதுக்கும் மேல பயமா இருந்தா மணல் மூட்டை. வீட்டு மேல சாயற கொம்பு எதாச்சும் இருந்தா காபிக்கு நிழல் மரம் கழிக்கிறப்போவே அதையும் கழிச்சுருங்க, ஆள் எப்படியும் வந்திருப்பாங்க.

இப்ப வீட்டுக்குள்ள என்ன வெக்கிறதுன்னு பாப்போம். குடிக்க, சமைக்க ஒரு ஆளுக்கு நாளைக்கு நாலு லிட்டர் வெச்சு அஞ்சு பேருக்கு மூணு நாளுன்னா 60 லிட்டர், இருபது லிட்டர் கேன் மூணு. மலை முழுக்க தண்ணி கொட்டுறப்போ தண்ணி எதுக்குன்னு என் தம்பி கேட்டான். கரண்ட் இல்லாம மோட்டார் ஓடாது, ஊத்து கலங்கிப் போயிரும், அதைக் குடிச்சா வயித்தால போகும், அப்ப ஆஸ்பத்திரிக்குப் போக ரோடு இருக்காது. வேற வழியே இல்லைன்னா ஷீட்டு தண்ணிய மொதல் கால் மணி நேரம் விட்டுட்டு அப்புறம் பிடிச்சு, துணியில வடிகட்டி, கொதிக்க வெச்சுக் குடிக்கலாம்.

சாப்பாட்டுக்கு அடுப்பு வேணுங்கறது, வேண்டாங்கறது ரெண்டும் இருக்கணும். அரிசி, ராகி மாவு, பருப்பு ஒரு பக்கம். அவல், பொரி, பொட்டுக்கடலை, கடலை மிட்டாய், வெல்லம், பால் பவுடர் இன்னொரு பக்கம். உப்பும் தீப்பெட்டியும் மூடி இறுகின டப்பாவுல போட்டு வைங்க. கேஸ் ஒரு சிலிண்டர்தான் இருக்குன்னா ஐப்பசி பொறக்கறதுக்கு முன்னாடி புக் பண்ணிருங்க. நாலு நாளைக்கு ஆகற விறகை மட்டும் தனியா பரண்லயோ கட்டிலுக்கு அடியிலயோ காய வெச்சு வைங்க, அதைத் தொடக்கூடாதுன்னு வீட்டுல சொல்லிருங்க. சொன்னாலும் எடுப்பாங்க, அது வேற விஷயம். கரித்துண்டு சட்டியை மூடின ரூமுக்குள்ள வெச்சு குளிர் காயற பழக்கம் இங்க நிறைய பேருக்கு இருக்கு, தயவு செஞ்சு வேண்டாம். அதுல வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தூக்கத்துலயே உயிர் போயிரும்.

மருந்து விஷயத்துல பத்து நாளைக்கு குறையாம கையிருப்பு இருக்கணும், பிரஷர், சுகர், வலிப்பு, ஆஸ்துமா எல்லாத்துக்கும். இன்சுலின் வெக்கிறவங்க பயப்பட வேண்டாம், உபயோகத்துல இருக்கற பாட்டில் பெரும்பாலும் ஃப்ரிட்ஜ் இல்லாமலே நாலு வாரம் வரைக்கும் தாங்கும், வெயிலும் அடுப்புச் சூடும் படக்கூடாது, அவ்வளவுதான். நம்ம மலைக் குளிருக்கு அதை ஒரு பிளாஸ்டிக் டப்பாவுல போட்டு ஈர மணல் சட்டிக்கு நடுவுல இருக்கற மண் பானைக்குள்ள வெச்சா போதும். அம்மாவுக்கு அன்னைக்கு இது தெரியாம ஒரு நாள் முழுக்க ஊசி போடாம பயந்து உக்காந்திருந்தோம், அதை நெனச்சா இப்பவும் வயித்தைக் கலக்குது. உங்க மருந்துக்கு எத்தனை நாள்னு அட்டைக்குள்ள இருக்கற சீட்டுலயே போட்டிருப்பான், ஒரு தடவை டாக்டர்கிட்டயும் கேட்டு வெச்சுக்கங்க. மாசமா இருக்கற பொண்ணு வீட்டுல இருந்தா, தேதி நெருங்கிட்டா, புயல் சேதி வந்த அன்னைக்கே கீழ சேலத்துல சொந்தக்காரங்க வீட்டுக்கு அனுப்பிருங்க. அதுக்கு மட்டும் முன்கூட்டியே எறங்கறது சரி.

கரண்ட் போனா டவரும் கொஞ்ச நேரத்துல படுத்துரும், அதனால ரெண்டு பவர் பேங்கை ஃபுல்லா ஏத்தி வைங்க, சோலார் லைட் ஒண்ணு, பேட்டரிய கழட்டித் தனியா வெச்ச டார்ச் ஒண்ணு, பழைய ரேடியோ ஒண்ணு. அறுந்து கெடக்கற கம்பிகிட்ட யாரும் போகாதீங்க, பத்து மீட்டருக்கு அந்தப் பக்கமே நின்னு கரண்ட் ஆபீஸ் புகார் மையமான மின்னகத்துக்குச் சொல்லுங்க, 94987 94987. மத்த நம்பர் 112 எல்லாத்துக்கும், 108 ஆம்புலன்ஸ், மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070. இதையெல்லாம் ஃபோன்ல மட்டும் வெச்சுக்காதீங்க, ஃபோனே செத்துப் போயிருக்கும், கதவுக்குப் பின்னாடி சாக்பீஸால எழுதிருங்க. எந்தப் பாறை மேல ஏறுனா எந்த கம்பெனி சிக்னல் கிடைக்கும்னு ஊர்ல இளவட்டங்களுக்குத் தெரியும், அதையும் கேட்டு வெச்சுக்கங்க. டிஎன் அலர்ட் ஆப், இடிமின்னலுக்கு தாமினி ஆப் ரெண்டையும் நெட் இருக்கறப்பவே போட்டு வைங்க.

ஆதார், ரேஷன் கார்டு, பட்டா, பேங்க் பாஸ்புக், புள்ளைங்க சர்டிபிகேட் எல்லாத்தையும் ஜிப் கவர்ல போட்டு ஒரே பையில, கதவுகிட்ட ஆணியில மாட்டி வைங்க. கூட சில்லறையா ரெண்டாயிரம் மூவாயிரம், கரண்ட் இல்லாட்டி ஜிபேயும் இல்ல ஏடிஎம்மும் இல்ல. ஒரு விசிலும் போடுங்க, மண்ணுக்குள்ள மாட்டிக்கிட்டா கத்திக் கத்தி தொண்டை போயிரும், விசில் போகாது. கிளம்பறப்போ கேஸ் ரெகுலேட்டரையும் மெயின் ஸ்விட்சையும் அணைச்சுட்டு, கட்டுத்தறியில மாட்டுக் கயித்தை அவுத்து விட்டுருங்க, பட்டியில ஆட்டையும் தொறந்து விட்டுருங்க. கட்டிப் போட்ட மாடுதான் சாகும், அவுத்த மாடு எப்படியும் மேட்டைத் தேடிப் போயிரும்.

காபிக்காரங்களுக்குத் தனியா ஒண்ணு. பழம் பறிக்கற காலமும் புயல் காலமும் ஒண்ணா வர்றதுனால களத்துல காயப்போட்ட கொட்டையைக் காப்பாத்தறேன்னு இடி மழையில ஓடறவங்க நிறைய பேரு. தார்ப்பாயை முந்தின நாளே மூடிக் கயிறு கட்டிருங்க. கொட்டை போனா அடுத்த வருஷம் வரும்.

கீழ இருக்கறவங்களுக்கு கதையே வேற. மலையில கொட்டுறது கொஞ்ச நேரத்துலயே ஓடையில எறங்கி புது ஏரி, மூக்கனேரின்னு ரொம்பி திருமணிமுத்தாத்துல வந்து டவுனுக்குள்ள நுழையும், அந்தப் பக்கம் சரபங்கா ஓமலூர் எடப்பாடின்னு போகும். அங்க மழையே இல்லாட்டியும் தண்ணி வரும், அதனால மேல இருக்கற சொந்தக்காரங்க ஃபோன் பண்ணி டப்பாவுல இத்தனை சென்டிமீட்டர்னு சொன்னா அதை சாதாரணமா எடுத்துக்காதீங்க, பைக்கை மேட்டுல ஏத்துங்க, மோட்டாரைத் தூக்குங்க, அரிசியைப் பரண்ல போடுங்க. தரைப்பாலத்து மேல முழங்காலுக்குக் கீழதானே போகுதுன்னு வண்டிய விடாதீங்க, ஓடற தண்ணி அந்த அளவுக்கே பைக்கைச் சாய்ச்சுரும், அடியில பாலம் இருக்கா போயிருச்சான்னே தெரியாது. மேட்டூர்லேர்ந்து தண்ணி திறக்கறாங்கன்னா காவிரிக் கரைக்காரங்களுக்கு தண்டோரா, மைக் எல்லாம் வந்துரும், ஓடைக்காரங்களுக்கு அப்படி யாரும் வந்து சொல்ல மாட்டாங்க.

சித்திரை வைகாசியில இடி. மின்னலுக்கும் சத்தத்துக்கும் நடுவுல முப்பது எண்றதுக்குள்ள கேட்டுருச்சுன்னா வீட்டுக்குள்ள போயிருங்க, கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழிச்சு வெளிய வாங்க. ஒத்தை மரத்தடியும் நாலு கம்பு நட்ட தகரக் கொட்டாயும் ஒதுங்கற எடம் இல்ல. மாசியிலேர்ந்து காட்டுத் தீ, அதுக்கு வீட்டைச் சுத்தி பத்து மீட்டருக்கு காஞ்ச புல்லு, சருகு எல்லாத்தையும் கூட்டி வைங்க, காத்து அடிக்கறப்போ குப்பையைக் கொளுத்தாதீங்க. தீ மேட்டைப் பாத்து ரொம்ப வேகமா ஏறும், அதனால மேல ஓடக்கூடாது, பக்கவாட்டுல ஓடி ஏற்கனவே எரிஞ்ச எடமோ பாறையோ ரோடோ பாத்துப் போகணும். 2018 மார்ச்ல தேனி குரங்கணியில 20 பேருக்கு மேல செத்தது இந்த மாதிரி புல்லுச் சரிவுத் தீயிலதான்.

மழை விட்டப்புறம் ஒடனே கூட்டிக் கழுவிராதீங்க. மொதல்ல எல்லாத்தையும் ஃபோட்டோ எடுங்க, வீடு, சரிஞ்ச மேடு, செத்த ஆடு மாடு இருந்தா காதுல இருக்கற கம்மல் நம்பர் தெரியற மாதிரி. மாட்டைப் பொதைக்கறதுக்கு முன்னாடி கால்நடை டாக்டரைக் கூப்பிட்டு சர்டிபிகேட் வாங்கிக்கங்க, அது இல்லாம நிவாரணம் எழுதற எடத்துல அலைய விடுவாங்க. விஏஓகிட்ட எழுதிக் குடுத்துட்டு அந்த மனுவோட நகல்ல தேதியும் கையெழுத்தும் வாங்கி வெச்சுக்கங்க, வாயால சொன்னதெல்லாம் யாருக்கும் ஞாபகம் இருக்காது. சேத்துக்குள்ள கை கால் வெக்கறப்போ ரப்பர் பூட்ஸ் போடுங்க, பாம்பு ஒரு பக்கம் எலிக்காய்ச்சல் ஒரு பக்கம். பாம்பு கடிச்சா கட்டு இறுக்கறது, கீறி விடறது எல்லாம் வேண்டாம், கால அசைக்காம தூக்கிக்கிட்டு நேரா அரசு ஆஸ்பத்திரி, விஷமுறிவு மருந்து அங்கதான். ரோடு இல்லைன்னா தொட்டில் கட்டித் தூக்கணும், அதுக்கு ரெண்டு நல்ல மூங்கிலும் ஒரு பழைய ஜமக்காளமும் இப்பவே கொட்டாயில போட்டு வைங்க.